கருதுகோள் சோதனை: விகிதங்களும் சராசரிகளும்

கருதுகோள் சோதனை என்பது இரு தொகுதிகளுக்கு இடையே தெரியும் வேறுபாடு தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்று கணக்கிட்டுப் பார்க்கும் புள்ளியியல் முறை. ஒப்பிடுவது விகிதமாக இருக்கலாம்: தடுப்பூசி போட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் கண்டது? சராசரியாகவும் இருக்கலாம்: இரு வகை பார்லியில் எது கூடுதலாக விளைந்தது? வேறுபாடே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அது உண்மையென்றால், கையில் உள்ள அளவுக்கோ அதற்கு மேலோ விலகிய தரவு கிடைக்க என்ன வாய்ப்பு என்பதே கேள்வி. பாடநூலில் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தாலும், விகிதத்துக்கும் சராசரிக்கும் உரிய சோதனைகள் வெவ்வேறு இடங்களில் பிறந்தவை.

விகிதத்தின் கதையே பழையது. இங்கிலாந்தின் ஆன் அரசியாருக்கு மருத்துவராக இருந்த ஜான் அர்பத்நாட், 1629 முதல் 1710 வரையிலான லண்டன் ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். 82 ஆண்டுகளிலும், ஓர் ஆண்டுகூடத் தப்பாமல், ஆண் குழந்தைகளே அதிகம். ஆணும் பெண்ணும் பிறக்கச் சம வாய்ப்பு என்றால் இப்படி நேர, இரண்டில் ஒன்றை 82 முறை பெருக்கிவரும் வாய்ப்புதான் உண்டு. எனவே இது இறைவனின் ஏற்பாடு என்று முடித்தார். கணக்கு சரி, முடிவு கணக்கைத் தாண்டிப் போய்விட்டது. பின்னாளிலும் இந்தத் துறையை விடாத பழக்கம் இது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் கணிதவியலாளர் லாப்லாஸ், பாரிஸிலும் லண்டனிலும் ஆண் பிறப்பு விகிதம் வேறுபடுகிறதா என்று கணக்கிட்டார்.

1900இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் கார்ல் பியர்சன் ‘கை’ வர்க்கச் (χ²) சோதனையை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட தரவுகளில் ஒன்று, 12 பகடைகளை 26,306 முறை உருட்டி வெல்டன் என்ற விலங்கியலாளர் குறித்துவைத்த கணக்கு. ஐந்தும் ஆறும் விழவேண்டியதைவிடச் சற்றே அதிகமாக விழுந்திருந்தன. எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் கண்ட எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியை ஒரே எண்ணாகச் சுருக்கித் தந்தது இந்தச் சோதனை.

ஆனால் இரு வரிசையும் இரு நிரலும் கொண்ட இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் பியர்சன் சறுக்கினார். 1915இல் கிரீன்வுட், யூல் ஆகிய இரு புள்ளியியலாளர்களும் டைபாய்டு, காலரா தடுப்பூசித் தரவுகளை ஆராய்ந்தபோது ஒரு முரண்பாடு கண்ணில் பட்டது. ஒரே அட்டவணைக்கு, விகித வேறுபாட்டுச் சோதனை ஒரு விடை சொன்னது. பியர்சன் முறை வேறு விடை சொன்னது. அட்டவணைக்குக் கட்டின்மைக் கூறுகள், அதாவது தன்னிச்சையாக மாறக்கூடிய கட்டங்கள், மூன்று என்று பியர்சன் எண்ணியதே காரணம். உண்மையில் அது ஒன்றுதான் என்று 1922இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் காட்டினார். ஓர வரிசையின் கூட்டுத்தொகைகள் தெரிந்துவிட்டால், ஒரு கட்டத்தை நிரப்பியதும் மற்ற மூன்றும் தாமாக நிரம்பிவிடுகின்றன. ஐந்து சதவீத மட்டத்தில் கை வர்க்க மதிப்புக்கான எல்லை 7.81 அல்ல, 3.84. விகிதச் சோதனையின் எல்லையான 1.96ஐ வர்க்கமாக்கினால் வருவதும் அதே 3.84. இரு சோதனைகளும் ஒன்றே என்று ஆனது. பியர்சன் ஏற்கவில்லை, காற்றாலையோடு சண்டைக்குப் போன டான் குயிக்ஸாட்டோடு ஃபிஷரை ஒப்பிட்டு எழுதினார். தவறு பியர்சனுடையது.

சராசரியின் கதை மதுபான ஆலையில் தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்த வில்லியம் சீலி காசெட் 1899இல் டப்ளினில் உள்ள கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். பார்லி, மால்ட் ஆய்வுகளில் அவருக்குக் கிடைத்தவை நான்கைந்து அளவீடுகள்தான். அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கான அளவீடுகள் இருந்தால்தான் பேசும். நான்கு அளவீடுகளிலிருந்து கணிக்கும், சிதறலைக் காட்டும் திட்ட விலக்கமே தள்ளாடும் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. 1906-07இல் பியர்சனின் ஆய்வகத்தில் தங்கி வேலைசெய்த காசெட், 1908இல் ‘பயோமெட்ரிக்கா’ இதழில் தீர்வை வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் வெளியிட ஆலை விடாததால், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். கணிதத்தில் முழு நிரூபணம் கைகூடாத இடத்தை நேரடிச் சோதனையால் உறுதிசெய்துகொண்டார்: 3,000 குற்றவாளிகளின் உயர அளவையும் இடது நடுவிரல் அளவையும் அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக 750 மாதிரிகள் எடுத்தார். கணினி இல்லாத காலத்தில் இது அசாத்தியப் பொறுமை.

அதே கட்டுரையில் பத்து நோயாளிகளுக்கு இரு தூக்க மருந்துகள் கொடுத்த தரவையும் ஆராய்ந்தார். கூடுதல் தூக்கத்தின் சராசரி வேறுபாடு 1.58 மணி நேரம். மருந்துகளின் பெயர்களை அவர் தவறாகக் குறித்துவிட்டார். அந்தப் பிழை பின்னர் ஃபிஷர் எழுதிய நூலுக்கும் தொற்றியது.

சிறு மாதிரிகளில் பியர்சனுக்கு அக்கறை இல்லை. காசெட்டின் அருமையை உணர்ந்தவர் ஃபிஷர். சூத்திரத்தை ‘டி’ என்று மாற்றியமைத்து, கட்டின்மைக் கூறுகளோடு இணைத்து, 1925இல் ‘ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் முறைகள்’ நூல் வழியே பரப்பினார். நான்கு அளவீடுகள் மட்டும் இருந்தால் எல்லை 1.96 அல்ல, 3.18 என்று டி அட்டவணை சொல்கிறது. இருபதில் ஒன்று, அதாவது ஐந்து சதவீதம், என்ற வரம்பு பரவியதும் அந்த நூலால்தான். அதை அவர் வசதி கருதித்தான் வைத்தார், படித்தவர்கள் சட்டமாக்கிக்கொண்டார்கள்.

1935இல் வந்த அவருடைய இன்னொரு நூலில் தேநீர்ச் சோதனை இருக்கிறது. பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரையா என்று சுவைத்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள், அவற்றில் பால் முதலில் ஊற்றியவை நான்கு. அந்த நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைய எழுபதில் ஒரு வாய்ப்பு. நான்கில் குறைந்தது மூன்று சரியாக வர எழுபதில் பதினேழு வாய்ப்பு இருப்பதால், ஒன்று தவறினாலும் அவர் திறமைக்குச் சான்று இல்லை. சிறு எண்ணிக்கை விகிதங்களுக்கான ஃபிஷரின் துல்லியச் சோதனைக்கு இதுவே அடிப்படை.

மாற்றுக் கருதுகோள் என்ன என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்ற பொறியை 1926இல் காசெட் ஒரு கடிதத்தில் எழுதினார். கடிதம் பியர்சனின் மகன் ஈகானுக்கு. ஈகானும் புள்ளியியலாளர் ஜெர்ஸி நெய்மனும் 1933இல் இல்லாத வேறுபாட்டை உண்டென்னும் முதல் வகைப் பிழை, இருக்கும் வேறுபாட்டைத் தவறவிடும் இரண்டாம் வகைப் பிழை, அதைக் கண்டுபிடிக்கும் சோதனையின் திறன் ஆகியவற்றைக் கோட்பாடாக்கினர். ஃபிஷர் இதைக் கடைசிவரை எதிர்த்தார். இன்றைய பாடநூல்கள் இரு தரப்பையும் சொல்லாமல் கொள்ளாமல் கலந்து தருகின்றன. மாணவர் குழப்பத்தில் பாதி இதனால் வருவது.

இரு தொகுதிகளின் பரவல் சமமில்லாதபோது டி சோதனை தவறும். அதற்குப் புள்ளியியலாளர் வெல்ச் 1947இல் தந்த திருத்தம் இப்போது பரவலாகப் புழங்குகிறது. ‘ஆர்’ மென்பொருளில் டி சோதனை என்று கேட்டால், வேறு சொல்லாதவரை கிடைப்பது வெல்ச் முறைதான். காசெட் ஆராய்ந்த அந்தப் பத்து நோயாளிகளின் தூக்கக் கணக்கும் ‘ஸ்லீப்’ என்ற பெயரில் அதே மென்பொருளோடு கூடவே வருகிறது.