கரிமத்தில் எழுதப்படாத கணக்கு: கிள்ளான் கழிமுகத்து அலையாத்திக் காடும் புறக்கடல் மீனும்

மலேசியாவின் கிள்ளான் ஆற்றின் கழிமுகத்தில் நிற்கும் அலையாத்திக் காட்டுக்கும், கரையைவிட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிப் பிடிபடும் மீனுக்கும் உணவுத் தொடர்பு இல்லை என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். காட்டின் கொடை அதன் ஓடைகளோடும் சேற்றுத் திட்டுகளோடும் முடிந்துவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. அதற்கு அவர்கள் முதன்மையாக நம்புவது ரோடெல்லி, சசேகுமார் உள்ளிட்ட ஐவர் 1984இல் வெளியிட்ட கட்டுரையை. மலேசியக் கரையோர உயிரினங்களில் அலையாத்திக் கரிமத்தைத் தேடிய முன்னோடி ஆய்வு அது. அதன் அளவீடுகளோடு எனக்குப் பிணக்கில்லை. கரிமத்தைப் பற்றி அந்த அளவீடுகள் சொன்னதை, ஊட்டச்சத்து முழுமைக்கும் சொன்னதாக வாசித்தது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அக்கட்டுரை செய்ததை நிதானமாகப் பார்க்கலாம். கரிமத்தின் இரு ஐசோடோப்புகளான கார்பன்-12, கார்பன்-13 ஆகியவற்றின் விகிதம் தாவரத்துக்குத் தாவரம் வேறுபடும். உண்ணும் உயிரின் உடலில் அவ்விகிதம் ஏறக்குறைய மாறாமல் பதியும். அலையாத்தி மரங்களின் சராசரி, ஒரு பொதுத் தரநிலையிலிருந்து விலகும் அளவாக, ஆயிரத்துக்கு −27 அளவில் இருந்தது. கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகள் −21 அளவிலும், இழைப்பாசிகள் −19ஐ ஒட்டியும் நின்றன. சதுப்புக்குள் வாழும் விலங்குகள் −28.6 முதல் −15.4 வரை பரந்து கிடந்தன. அதாவது அவை இலையையும் உண்டன, பாசியையும் உண்டன. ஆனால் கரையிலிருந்து 2 முதல் 18 கிலோமீட்டர் தொலைவில் பிடிக்கப்பட்ட உயிரினங்களில் அலையாத்தியின் முத்திரை தென்படவில்லை. எண்கள் தெளிவானவை. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: மீனின் தசையில் உள்ள கரிம அணுக்கள் எந்தத் தாவரத்தில் முதலில் சர்க்கரையாயின என்ற வினாவுக்கே இம்முறை விடை தருகிறது. அதே தசையின் புரதத்தில் உள்ள நைட்ரஜன் எந்த வழியாக வந்தது என்று அதனிடம் கேட்கவும் இல்லை, அது சொல்லவும் இல்லை.

கரிமமும் நைட்ரஜனும் ஒன்றாகவே பயணம் செய்யுமானால் இந்த வேறுபாடு வெறும் சொல்லாடலாகிவிடும். ஆனால் அவை மரக்கிளையிலேயே பிரிந்துவிடுகின்றன. பாக்காவ் என்னும் அலையாத்தி மரத்தின் இலை மஞ்சளாகி விழுமுன், மரம் அதிலுள்ள நைட்ரஜனில் பாதியளவோ அதற்கு மேலுமோ தனக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. சேற்றில் விழுவது கரிமம் நிறைந்த, நைட்ரஜன் வற்றிய சருகு. அதில் ஒரு நைட்ரஜன் அணுவுக்குக் கரிம அணுக்கள் நூறளவில் இருக்கும், மிதவைப் பாசியிலோ ஏழுக்கும் குறைவு. அந்தச் சருகை நண்டு வளைக்குள் இழுத்துப்போகிறது. பாக்டீரியாக்கள் அதன் கரிமத்தைச் சுவாசித்துக் காற்றிலும் நீரிலும் கரியமில வாயுவாக விடுகின்றன; அதற்குத் தேவையான நைட்ரஜனைச் சேற்று நீரிலிருந்து பிடித்துக்கொள்கின்றன. அவை மடியும்போதும் மேயப்படும்போதும் அந்த நைட்ரஜன் அம்மோனியமாகச் சேற்று நீருக்கே திரும்புகிறது. இலையின் கரிமத்தில் பெரும்பகுதி அதற்குள் வெளியேறியிருக்கும். எனவே சருகின் கரிமத்தைப் பின்தொடர்ந்து சென்றவர் நைட்ரஜனின் பாதையைப் பார்த்திருக்கவே முடியாது.

இனி நீரோட்டத்தைப் பார்ப்போம். கிள்ளான் துறைமுகத்தில் பெரும் ஓதத்தின்போது ஏற்றவற்றம் நான்கு மீட்டரைத் தாண்டும்; நாளுக்கு இருமுறை கடல் ஓடைகளில் ஏறி, நண்டு வளைகளை நிரப்பி இறங்குகிறது. இறங்கும் நீரில் கரைந்த அம்மோனியமும் பாஸ்பேட்டும் வெளியே வந்தால், அவற்றை முதலில் எடுத்துக்கொள்வது கிள்ளான் நீரிணையின் மிதவைப் பாசி. அது தன் கரிமத்தைக் கடல்நீரின் பைகார்பனேட்டிலிருந்தே பெறுகிறது. ஆகவே அதன் உடலில் −21 என்றே பதியும். அதை உண்ட சிற்றுயிரும், அச்சிற்றுயிரை உண்ட மீனும் −21ஐ ஒட்டியே நிற்கும். இங்குதான் சிக்கல். காடு புறக்கடலுக்கு எதையும் தரவில்லை என்றாலும் புறக்கடல் மீனில் அதே எண்தான் வரும். அங்குள்ள நைட்ரஜனில் கணிசமான பங்கு காட்டுச் சேற்றைக் கடந்து வந்தது என்றாலும் அதே எண்தான் வரும். இரு கருதுகோள்களும் ஒரே அளவீட்டை முன்னறிவிக்கும்போது, அந்த அளவீடு இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட்டதாகச் சொல்வது முறையாகாது. இறாலுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஓடையில் குஞ்சாக வளர்ந்து கடலுக்குப் போகும் இறால் பன்மடங்கு பருக்கும்போது பழைய தசை புதியதால் மறைந்துவிடுகிறது. புறக்கடலில் பிடிபட்ட இறாலின் உடல் அதன் அண்மைய உணவைச் சொல்லுமே ஒழிய, அது எங்கே வளர்ந்தது என்பதைச் சொல்லாது.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று. அலையாத்திக் காடுகள் கரைந்த நைட்ரஜனை வெளியே அனுப்புவதைவிட உள்ளிழுப்பதே மிகுதி என்று பல இடங்களின் அளவீடுகள் காட்டுகின்றன. இதை நான் மறுக்கவில்லை. காடு உபரியை ஏற்றுமதி செய்கிறது என்பது என் வாதமுமன்று. கோலாலம்பூரின் நடுவே, பிரிக்பீல்ட்ஸின் ஓரமாக ஓடிவரும் 120 கிலோமீட்டர் நீளக் கிள்ளான் ஆறு நகரத்தின் கழிவுநீர் நைட்ரஜனைச் சுமந்தே கழிமுகம் சேர்கிறது. அதில் எவ்வளவு சேற்றில் வாயுவாகிப் போகிறது, எவ்வளவு மரத்தில் தங்குகிறது, எவ்வளவு எந்த வடிவில், எந்தப் பருவத்தில் கடலுக்குப் போகிறது என்பதைக் காடு தீர்மானிக்கிறது. சுழற்சியில் அதன் இடம் அது. எடுத்துக்கொள்வதும் ஓர் உறவே. கடல் எதைப் பெறாமல் காக்கப்படுகிறது என்பதும் மீனைப் பாதிக்கும். நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பான நைட்ரஜன்-15 ஒன்றே இந்த வினாவைத் தீர்த்துவைக்கும் என்போருக்கும் ஒரு சொல்: கழிவுநீரும் அந்த அளவை உயர்த்தும், சேற்றில் நைட்ரேட் வாயுவாவதும் எஞ்சிய நைட்ரேட்டில் அதை உயர்த்தும், ஒரு எண்ணிலிருந்து இரண்டையும் பிரிக்க இயலாது. இக்கழிமுகம் அமைந்த சிலாங்கூர் மாநிலத்தில் அலையாத்திப் பரப்பு குறைந்த பின்னும் இறால் வரத்து குறையவில்லை என்ற வாதம் நெடுநேரம் நிற்கத்தக்கதன்று. கரையிறக்கம் படகையும் வலையையும் உழைப்பையும் சேர்த்தே அளக்கிறது.

என் வாசிப்பும் எல்லைக்குட்பட்டதே. ஓடைகளில் இலைக் கரிமம் சுவாசிக்கப்பட்டு நீரில் கரைவதால், அங்குள்ள மிதவைப் பாசியின் எண்ணே அலையாத்தியின் பக்கமாகச் சாய்ந்துவிடலாம். அப்படியானால் கரையோர உயிரினங்களில் இலையின் பங்கு மிகையாகவும் மதிப்பிடப்பட்டிருக்கலாம். அந்தத் திருத்தம் காட்டின் பெருமையைக் குறைப்பதாக இருந்தாலும் ஏற்கத்தக்கதே. இனித் தேவைப்படுவது, கழிமுகத்துத் தீவுகளான கேத்தாம் தீவு, கிள்ளான் தீவு ஆகியவற்றின் ஓடை வாய்களில், பெரும் ஓதத்திலும் சிற்றோதத்திலும், ஏறும் நீரையும் இறங்கும் நீரையும் தனித்தனியே எடுத்து, நைட்ரேட்டின் நைட்ரஜன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளை ஒருங்கே அளப்பது. கடற்கரையைத் தூர்த்துத் துறைமுகம் விரிக்கும் திட்டங்களில் காட்டின் மதிப்பு அதன் எல்லைக்கோட்டோடு முடிகிறது என எழுத 1984ஆம் ஆண்டுக் கட்டுரை இடந்தரவில்லை. புறக்கடல் மீனின் உடலில் அலையாத்தி இலையின் கரிமம் இல்லை என்றுதான் அது கண்டது. நைட்ரஜனைப் பற்றிய பக்கம் இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது.