இரவைச் சேமித்த கண்ணாடிகள்

வானத்தைப் பாடாத மொழி இல்லை. விண்மீன்களை வியக்காத புலவரும் இல்லை. ஆயினும் பன்னெடுங்காலம் கண்ணால் கண்ட வானம் கண்டவரோடே மறைந்தது. ஒருவர் கண்ட விண்மீனின் ஒளி எவ்வளவு என்பதை நூறாண்டு கழித்து வேறொருவர் சரிபார்க்க வழியில்லை. எழுதி வைத்த குறிப்புகளும் கையால் வரைந்த படங்களுமே சான்றாக நின்றன. வரைந்தவரின் கைத்திறனும் கண்ணின் கூர்மையும் அப்படங்களில் கலந்தே இருந்தன. இந்நிலையை மாற்றியது 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஒளிப்படக்கலை. இரவு வானை ஒளிப்படமாக்கிய வரலாற்றை, மறதியோடு மனிதர் நடத்திய போராட்டத்தின் வரலாறு எனலாம்.

கண்ணும் தட்டும்

மனிதக்கண் விரைவாகக் காணும். ஆனால் கண்ட ஒளியைச் சேர்த்து வைக்காது. கண் இருளுக்குப் பழகிய பின்னர் எத்தனை நாழிகை உற்று நோக்கினும் மங்கலான விண்மீன் மேலும் ஒளி பெற்றுத் தோன்றுவதில்லை. வெள்ளி உப்புப் பூசிய தட்டோ தன்மேல் விழும் ஒளியைச் சிறுகச் சிறுகச் சேர்க்கும். காத்திருக்கும் அளவுக்கு அது காணும். இவ்வேறுபாடே வானியலின் போக்கை மாற்றியது.

பாரிசில் 1839 சனவரி 7ஆம் நாள் டாகேரின் ஒளிப்பட முறையை அறிவியல் கழகத்தில் அறிவித்த பிரான்சுவா அராகோ ஒரு வானியலார் என்பது குறிப்பிடத்தக்கது. மறு ஆண்டிலேயே, 1840 மார்ச்சில், நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் 20 நிமிடம் ஒளி காட்டி நிலவைப் படமாக்கினார். 1850 சூலையில் ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தின் வில்லியம் பாண்டும், ஒளிப்படக் கலைஞர் ஜான் விப்பிளும் வேகா என்னும் விண்மீனை 100 வினாடிகளில் பதித்தனர். கதிரவனை நீக்கி நோக்கின், ஒளிப்படத்தில் பதிந்த முதல் விண்மீன் அதுவே. அதன் ஒளி நம்மை வந்தடைய 25 ஆண்டுகள் ஆகின்றன.

1857இல் ஹார்வர்டில் நிகழ்ந்த மற்றொரு முயற்சி தமிழருக்குச் சுவை தருவது. வில்லியம் பாண்டின் மகன் ஜார்ஜ் பாண்டு புதிய ஈரத்தட்டு முறையில் மைசார், ஆல்கார் என்னும் இரு விண்மீன்களைப் படமெடுத்து அளந்தார். மைசாரை நாம் வசிட்டன் என்போம். ஆல்காரோ மணவறையில் மணமகளுக்குக் காட்டப்படும் அருந்ததி. வடமீன் என்று நம் புலவர்கள் கற்புக்கு உவமையாக்கிய அந்த விண்மீன், ஒளிப்படத்தில் முதன்முதல் அளக்கப்பட்ட வான்பொருள்கள் சிலவற்றுள் ஒன்றாயிற்று.

ஈரத்தட்டைப் பூச்சு உலருமுன் பயன்படுத்திவிட வேண்டும். எனவே நெடுநேரம் ஒளி காட்ட இயலாது. 1871இல் ரிச்சர்டு மாடக்சு வெளியிட்ட உலர்தட்டு முறை அத்தடையை நீக்கிற்று. 1880 செப்டம்பர் 30ஆம் நாள் இரவில் முன்னவர் டிரேப்பரின் மகன் ஹென்றி டிரேப்பர், ஓரியன் மண்டலத்திலுள்ள நெபுலா என்னும் ஒண்முகிலை ஏறத்தாழ 50 நிமிடம் ஒளி காட்டிப் படமாக்கினார். புவி சுழல்வதால் வானம் நகர்கின்றது. அதனோடு தொலைநோக்கியும் பிசகாமல் நகர்ந்தாலன்றி விண்மீன்கள் கோடுகளாக இழுபட்டுவிடும். கடிகாரப் பொறி கருவியை நகர்த்த, அதன் சிறு பிழைகளை வானியலார் கண் இமையாது திருத்திக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாண்டு கழித்து இங்கிலாந்தில் ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில், தொலைநோக்கி வழியாகவும் கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்கள் தோன்றின. தட்டு கண்ணை வென்றது அன்றுதான்.

தட்டுகளைப் படித்தோர்

1882இல் ஹென்றி டிரேப்பர் மறைந்தார். அவர் துணைவியார் ஆன்னா தந்த பொருளுதவியால் ஹார்வர்டில் விண்மீன்களின் நிறமாலைகளைப் படமாக்கும் பெரும்பணி 1886இல் தொடங்கிற்று. வானை இரவுதோறும் படமெடுத்து அடுக்கும் வழக்கம் அங்கு நிலைபெற்றது. சேர்ந்த தட்டுகள் காலப்போக்கில் 5 இலட்சத்தைக் கடந்தன.

ஏடு சேர்ந்தால் போதாது, படிப்பாரும் வேண்டும். அப்பணி பெரும்பாலும் பெண்களிடம் விடப்பட்டது. தொலைநோக்கியை இயக்கும் உரிமை அரிதாகவே கிட்டிய அவர்கள், குறைந்த ஊதியத்துக்குப் பகலெல்லாம் உருப்பெருக்கியுடன் கண்ணாடித் தட்டுகளை நோக்கி அமர்ந்தனர். வில்லியமினா பிளெமிங் 1888இல் குதிரைத்தலை ஒண்முகிலைத் தட்டொன்றில் கண்டறிந்தார். ஆனி ஜம்ப் கேனன் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் விண்மீன்களை வகைப்படுத்தினார்.

செவித்திறன் குன்றிய ஹென்றியட்டா லெவிட் ஆய்ந்தவை பெரு நாட்டின் அரெக்கிபாவில் எடுக்கப்பட்ட தட்டுகள். சிறிய மெகல்லன் முகிலில் சில விண்மீன்கள் சீராக ஒளி கூடியும் குறைந்தும் வருவதை அவர் கண்டார். அவற்றுள் 25 விண்மீன்களை ஒப்பிட்டு, ஒளி மாறும் காலம் நீளும்தோறும் விண்மீனின் உண்மை ஒளியும் மிகும் என 1912இல் நிறுவினார். காலத்தை அளந்தால் உண்மை ஒளி தெரியும். அதனைத் தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டால் தொலைவு தெரியும். அண்டத்தை அளக்கும் கோல் இவ்வாறு பிறந்தது.

லெவிட் 1921இல் காலமானார். 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சன் மலையில் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவைப் படமெடுத்த எட்வின் ஹபிள், பழைய தட்டுகளோடு ஒப்பிட்டு அத்தகைய விண்மீன் ஒன்று அதில் இருக்கக் கண்டார். லெவிட்டின் கோலைக் கொண்டு அளந்தபோது, ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு மிக அப்பாலுள்ள தனியோர் உலகம் என்பது தெளிவாயிற்று. பழைய தட்டுகள் கையில் இராவிடின் அம்முடிவை ஐயமின்றி எய்தியிருத்தல் அரிது.

காத்தலும் இழத்தலும்

தமிழகத்திலும் இவ்வகைக் கருவூலம் உண்டு. கோடைக்கானல் வானாய்வுக்கூடம் காத்துவரும் படங்கள் இரவு வானத்துக்கு உரியனவல்ல, பகலவனுக்கு உரியன. ஆயினும் காத்தலின் அருமை அங்கும் ஒன்றே. 1904 முதல் எடுக்கப்பட்டு வந்த கதிரவன் படங்கள் கணிப்பொறிக்கு ஏற்ப எண்வடிவாக்கப்பட்டுள்ளமையால், ஒரு நூற்றாண்டின் கதிரவக் கரும்புள்ளிகளை இன்றைய ஆய்வாளர் இருந்த இடத்திலிருந்தே ஆராய முடிகின்றது.

எனினும் தட்டு எளிதில் உடையும். மனிதரின் அக்கறை அதனினும் எளிதில் உடையும். 1950களில் செலவைக் குறைக்கும் பொருட்டு ஹார்வர்டின் படமெடுப்புப் பணி நிறுத்தப்பட்டது. பின்னர் அது தொடர்ந்ததாயினும், இடைப்பட்ட ஆண்டுகளின் வானம் அத்தொகுப்பில் வெற்றிடமாகவே உள்ளது. 2016 சனவரியில் அங்கு நீர்க்குழாய் வெடித்து ஏறத்தாழ 61,000 தட்டுகள் நனைந்தன. கறையானிடமும் வெள்ளத்திடமும் ஓலைச்சுவடிகளைப் பறிகொடுத்த தமிழருக்கு இவ்விழப்பின் கனம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நல்வாய்ப்பாக அத்தட்டுகள் மீட்கப்பட்டன. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை எண்வடிவாக்கும் பணி 2024இல் நிறைவெய்தியது.

இதற்கிடையே தட்டின் காலமே முடிந்துவிட்டது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வகுத்த சிசிடி என்னும் மின்னணுச் சில்லு, தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைக் கவர வல்லது. பழைய தட்டு கவர்ந்ததோ நூற்றில் சில பங்குதான். அவ்விருவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. 2019 முதல் கைப்பேசிகள் சிலவும் நான்கு நிமிடம் வரை விண்மீன் ஒளியைத் திரட்டத் தொடங்கின. சிலி நாட்டு மலையுச்சியில் உள்ள வேரா ரூபின் வானாய்வுக்கூடம், 320 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட ஒளிப்படக்கருவியால் எடுத்த முதற்படங்களை 2025 சூனில் வெளியிட்டது. தென்வானை மீண்டும் மீண்டும் பத்தாண்டுகள் படமெடுப்பது அதன் நோக்கம்.

எடுப்பது எளிதானபோது அழிப்பதும் எளிதாயிற்று. கண்ணாடியை உடைக்கத் துணியாத கை, விரல் நுனியால் ஆயிரம் படங்களை நீக்கிவிடுகின்றது. அரெக்கிபாவில் குளிரில் நின்று தட்டை மாற்றியவர், அதனை லெவிட் படிப்பார் என்று அறிந்திருக்கவில்லை. தம் கண்டுபிடிப்பு எதற்குத் துணையாயிற்று என்பதை லெவிட்டும் காணவில்லை. நாளும் இடமும் நேரமும் பிழையின்றிக் குறித்து, வருவோர்க்கென வைத்துச் சென்றார்கள், அவ்வளவே. படிப்பவர் பின்னர் வந்தனர்.