பெயரின் மானம்: பிலிப்பினோ அடையாளம் குறித்துச் சில குறிப்புகள்

1999 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் அரசு ஒரு பிஸ்கட்டுக்கு எதிராக ராஜதந்திரக் கண்டனம் தெரிவித்தது. ஸ்பெயினில் விற்கப்படும், வளையம் வளையமாக, கறுப்புச் சாக்லெட்டிலும் வெள்ளைச் சாக்லெட்டிலும் முக்கி எடுத்த அந்த பிஸ்கட்டின் பெயர் 'பிலிப்பினோஸ்'. அதிபர் ஜோசப் எஸ்ட்ராடா (சினிமாவிலிருந்து அரசியலுக்கு வந்தவர், நமக்குப் புரியாத சமாச்சாரம் இல்லை) இதைத் தம் மக்களுக்கு இழைத்த அவமானம் என்றார். ஸ்பெயின் அரசு, ஐரோப்பிய ஒன்றியம், பிஸ்கட் போட்ட கம்பெனி என்று எல்லோருக்கும் ஆட்சேபம் போயிற்று. பிஸ்கட்டின் பெயர் மாறவில்லை.

ஒரு பிஸ்கட்டுக்குப் போய் ஒரு அரசாங்கம் இப்படிக் குதிக்குமா என்று சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நிலக்கடலைக்கு இன்றைக்கும் மணிலா என்றுதான் பெயர். பேச்சில் மல்லாட்டை. ஒரு நாட்டின் தலைநகரத்தை வறுத்தும் அவித்தும் தின்றுகொண்டிருக்கிறோம் என்கிற நினைப்பே நமக்கு இல்லை. பெயர் என்பது அதைச் சுமப்பவனுக்கு வேறு, சொல்கிறவனுக்கு வேறு. இந்த இடைவெளியில்தான் தேச மானம் என்கிற சொல்லாடல் உற்பத்தியாகிறது. பிலிப்பினோ அடையாளத்தின் வரலாற்றை இந்த இடைவெளியின் வரலாறாகவே வாசிக்க முடியும் என்று எனக்குப் படுகிறது.

பெயரே அவர்களுடையது அல்ல. 1543இல் ஸ்பானியத் தளபதி வில்லாலோபோஸ் அங்கே சில தீவுகளுக்குத் தன் இளவரசர் பிலிப்பின் பெயரை வைத்தான். பின்னர் அது தீவுக்கூட்டம் முழுமைக்கும் ஆயிற்று. ஆனால் அத்தீவுகளின் மக்கள் பிலிப்பினோக்கள் ஆகிவிடவில்லை. அந்தச் சொல் அங்கே பிறந்த ஸ்பானிய வம்சத்தாரைக் குறித்தது. மண்ணின் மக்களுக்கு வைத்த பெயர் 'இன்டியோ'. கொலம்பஸ் தான் வந்து சேர்ந்தது இந்தியா என்று தப்பாக எண்ணினானே, அந்தத் தப்பு பசிபிக்கைக் கடந்து வந்து இவர்கள் தலையில் உட்கார்ந்தது. 1849இல் ஆளுநர் கிளாவேரியா குடும்பப் பெயர்களின் அகரவரிசைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து ஊர் ஊராகப் பக்கங்களைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். வரி வசூலுக்கும் பதிவேட்டுக்கும் ஆள் யார் என்று தெரிய வேண்டுமே. அதனால் சில ஊர்களில் எல்லாக் குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். அதிகாரம் பெயர் வைக்கும் என்பது கோட்பாட்டு வாக்கியமாக இல்லாமல், ஒரு கச்சேரி குமாஸ்தாவின் வேலையாக நடந்த இடம் அது.

ஹோசே ரிசாலின் தலைமுறைதான் இந்தப் பெயர்களோடு முதன்முதலில் மல்லுக்கு நின்றது. 1887இல் மாட்ரிடின் ரெட்டீரோ பூங்காவில் பிலிப்பைன்ஸ் கண்காட்சி நடந்தது. அதற்கென்று கட்டிய கண்ணாடி மாளிகை இன்றைக்கும் அங்கே இருக்கிறது. புகையிலை, சணல், மரம் இவற்றோடு மனிதர்களும் காட்சிக்கு வைக்கப்பட்டார்கள்: வட லூசோன் மலைகளின் இகோரோட்டுகள், தெற்கின் முஸ்லிம்கள். வந்த இடத்தில் சிலர் இறந்தும் போனார்கள். ரிசால் கொதித்துக் கடிதங்கள் எழுதினார். அவருடைய கோபம் மனிதரை வேடிக்கைப் பொருளாக்கியதன் மேல். ஆனால் ஸ்பெயினில் படித்துக்கொண்டிருந்த வேறு சில பிலிப்பினோக்களின் வருத்தம் இன்னொரு வகை: இவர்களைப் பார்த்துவிட்டு நாங்களும் இப்படித்தான் என்று எண்ணிவிடுவார்களே. இரண்டும் ஒரே கோபம் போலத்தான் தெரியும். அடுத்த நூறு வருஷத்தின் விவகாரமெல்லாம் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்துப் பாரிஸ் கண்காட்சிக்குப் போனபோது ரிசாலும் நண்பர்களும் அமெரிக்கச் செவ்விந்தியர்களை வைத்து நடத்திய பஃபலோ பில் குதிரைக் காட்சியைப் பார்த்தார்கள். குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்த 'இந்திய'ர்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் குழுவுக்கு 'இன்டியோஸ் பிராவோஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வீர இன்டியோக்கள். வசையைப் பறித்துப் பட்டமாகக் குத்திக்கொள்கிற இந்தக் காரியத்தை நம்மூர் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. 1890இல் 'லா சொலிடாரிடாட்' பத்திரிகையில் பிலிப்பினோக்களின் சோம்பல் பற்றி ரிசால் எழுதிய தொடர் கட்டுரையும் இதே திசையில் போகிறது. சோம்பேறிகள் என்ற பழியை அவர் மறுக்கவே இல்லை. இருக்கிறது, எப்படி வந்தது பார் என்கிறார். ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்த வணிகமும் உழைப்பும் எங்கே போயின, கட்டாய உழைப்பும் போர்களும் என்ன செய்தன என்று கணக்குக் கேட்கிறார். நற்பெயருக்காக வாதாடுகிறவன் எழுதுகிற கட்டுரை அது இல்லை.

1896 டிசம்பர் 30இல் ரிசாலைச் சுட்டுக் கொன்றார்கள். 1898இல் சுதந்திரப் பிரகடனம். அதே வருஷம் டிசம்பரில் ஸ்பெயின் 2 கோடி டாலருக்குத் தீவுகளை அமெரிக்காவிடம் தள்ளிவிட்டது. அடுத்து யுத்தம். 'வெள்ளையன் சுமை' என்று கிப்ளிங் எழுதிய கவிதையை நாம் இந்தியாவைப் பற்றியது என்றே வைத்துக்கொண்டிருக்கிறோம். 1899இல் அமெரிக்காவுக்கு, பிலிப்பைன்ஸை வைத்துக்கொள்ளச் சொல்லி, எழுதப்பட்டது அது.

இனி 1904. செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 47 ஏக்கரில் பிலிப்பைன்ஸ் பகுதி, சுமார் 1,100 பேர். நெக்ரிட்டோ, இகோரோட், மோரோ, விசாயன், கடைசியில் அமெரிக்க உடுப்புப் போட்ட படைவீரர்கள். பார்வையாளன் நடக்க நடக்க மனிதன் 'முன்னேறி'க்கொண்டே வருவான். இதன் அச்சுப் பிரதிதான் 1903 மக்கள்தொகைக் கணக்கு: 76 லட்சம் பேரில் சுமார் ஆறரை லட்சம் பேர் 'காட்டுமக்கள்', மற்றவர் 'நாகரிகமானவர்'. கூட்டம் அலைமோதியது இகோரோட் கிராமத்தில். சடங்குக்காக எப்போதாவது அறுக்கிற நாயை அடிக்கடி அறுக்க வைத்தார்கள். பத்திரிகைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. கோவணத்தோடு நிற்பது தேர்தல் வருஷத்தில் சரிப்படாது என்று வாஷிங்டனிலிருந்து கால்சட்டை போடச் சொல்லி உத்தரவு வந்தது. கால்சட்டை போட்டால் அறிவியல் கெட்டுவிடும் என்று மானிடவியல் பேராசிரியர் எதிர்த்தார். உத்தரவு வாபஸ். இகோரோட்டுக்கு எது வேண்டும் என்று இரண்டு தரப்பும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், உடுப்புப் போட்ட வீரர்கள் வெள்ளைக்காரப் பெண்களோடு கைகோத்து உலாவியபோது அடிதடி. முன்னேறியவன் ரொம்பவும் முன்னேறிவிடக் கூடாது.

விருந்தினராக வந்திருந்த மேட்டுக்குடிப் பிலிப்பினோக்களுக்கு இகோரோட் கிராமம் பெரிய தலைக்குனிவு. மாட்ரிடில் கேட்ட அதே குரல்தான்: இவர்கள் நாங்கள் இல்லை. இந்தக் குரலின் உச்சத்தைக் கேட்க வேண்டுமானால் கார்லோஸ் ரோமுலோவிடம் போக வேண்டும். 1943இல் அமெரிக்க வாசகருக்காக எழுதிய நூலில், இகோரோட் பிலிப்பினோ அல்ல, எங்களுக்கும் அவர்களுக்கும் உறவில்லை என்று எழுதினார். சாதாரண ஆள் இல்லை. 1949இல் ஐ.நா. பொதுச்சபைத் தலைவராக உட்கார்ந்தவர், காலனிய நாடுகளின் விடுதலைக்காகப் பேசியவர். வெளியே நிறவெறியை எதிர்த்த அதே வாய்தான் உள்ளே கோடு கிழித்தது. அவர் கெட்டவர் என்பதல்ல இதற்குப் பொருள். 'உலகம் நம்மைப் பற்றி என்ன நினைக்கும்' என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் போய்ச் சேரும் இடம் அது. 'நாம்' என்பதற்குள் யாரையாவது குறைக்காமல் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்காது.

இகோரோட்டுகள் என்ன செய்தார்கள்? இந்த இடம்தான் எனக்கு முக்கியம். ட்ரூமன் ஹன்ட் என்ற மருத்துவன் ஒரு குழுவை 1905இல் நியூயார்க் கோனி ஐலண்டுக்கும் பிறகு ஊர் ஊராகவும் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனான். அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கையாடினான். 1906இல் கைதானான். மெம்ஃபிஸ் நீதிமன்றத்தில் அவனுக்கெதிராகச் சாட்சி சொன்னவர்கள் இகோரோட்டுகள். 'காட்டுமிராண்டி' என்று விளம்பரப்படுத்தப்பட்டவர்கள் கோர்ட்டில் ஏறி நின்று கேட்டது கூலியை. மேட்டுக்குடி மானத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. காட்சியில் நின்றவனுக்குச் சம்பளப் பாக்கி இருந்தது.

கலிபோர்னியாவில் அஸ்பாரகஸும் லெட்டூஸும் அறுக்கப் போனவர்களின் கதையை இங்கே வேகமாகத் தாண்டுகிறேன். 'பினோய்' என்ற செல்லப்பெயரே 1920களில் அமெரிக்காவில் இருந்த பிலிப்பினோக்களிடம் பிறந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். 1930இல் வாட்சன்வில்லில் அவர்களை வேட்டையாடினார்கள். 1934 சட்டத்துக்குப் பிறகு வருஷத்துக்கு 50 பேர் மட்டும் வரலாம் என்றாயிற்று.

1974இல் மார்கோஸ் ஆட்சி தொழிலாளர் சட்டத்தின் வழியாக ஆள் ஏற்றுமதியை அரசுக் கொள்கையாக்கியது. 1988இல் ஹாங்காங் வந்த அதிபர் கோரசோன் அகினோ வீட்டு வேலைக்காரப் பெண்களைப் 'புதிய வீராங்கனைகள்' என்று புகழ்ந்தார். 1995 மார்ச் 17இல் சிங்கப்பூரில் ஃப்ளோர் கான்டம்ப்ளாசியோன் என்ற பணிப்பெண் தூக்கிலிடப்பட்டாள். நாடே திரண்டு அழுதது. வெளியுறவு அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. அவர் ராபர்டோ ரோமுலோ, மேலே சொன்ன கார்லோஸ் ரோமுலோவின் மகன். அவள் கொன்றதாகச் சொல்லப்பட்ட இருவரில் ஒருத்தியும் பிலிப்பினோப் பணிப்பெண்ணே என்பது அந்த அழுகையில் பின்னுக்குப் போயிற்று. 1998இல் கிரேக்க அகராதி ஒன்று 'பிலிப்பினேசா' என்ற சொல்லுக்கு வீட்டு வேலைக்காரி என்று பொருள் போட்டது. அகராதி பொய் சொல்லவில்லை. ஏதென்ஸில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்கியது. இங்கேதான் பிஸ்கட்டுக்குத் திரும்ப வேண்டும். தன் பெண்களை வேலைக்காரிகளாக ஏற்றுமதி செய்து அந்தப் பணத்தில் செலாவணியைச் சமாளிக்கிற அரசு, அதனால் உண்டாகும் பெயரைக் கண்டு பதறுகிறது. வேலையின் நிபந்தனையை மாற்றச் சொல்வதைவிடப் பெயரை மாற்றச் சொல்வது எளிது, செலவும் கம்மி. 2003இல் ஹாங்காங் அரசு பணிப்பெண்களின் குறைந்தபட்சச் சம்பளத்தை 3,670 டாலரிலிருந்து 3,270ஆகக் குறைத்தபோது தெருவில் இறங்கியது அந்தப் பெண்கள்.

இணையம் வந்த பிறகு இந்த மானக் கணக்கு அரசிடமிருந்து எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் உலகத்தின் கம்ப்யூட்டர்களை முடக்கியபோது வெட்கப்பட்டவர்களும் உண்டு, 'பார்த்தாயா நம்ம பையனின் மூளையை' என்று உள்ளுக்குள் மகிழ்ந்தவர்களும் உண்டு. தண்டிக்க அங்கே சட்டமே இல்லை என்று பையனை விட்டுவிட்டார்கள். 2007இல் ஒரு அமெரிக்க டி.வி. தொடர் பிலிப்பைன்ஸ் மருத்துவப் படிப்பைக் கிண்டலடித்தது. கையெழுத்து வேட்டை, மன்னிப்பு. 2013இல் டான் பிரவுன் நாவலில் மணிலா நரகத்தின் வாசல் என்று வந்தது. பெருநகர வளர்ச்சி ஆணையத் தலைவரே நாவலாசிரியருக்குக் கடிதம் எழுதினார். 2020 செப்டம்பரில் டிக்டாக் பிரபலம் ஒருவரின் பச்சைகுத்தலை வைத்துக் கொரியர் சிலர் பிலிப்பினோக்களை ஏழைகள், படிக்காதவர்கள், குள்ளர்கள் என்று ஏச, 'கொரியாவை ரத்து செய்' என்று பதிலடி கிளம்பியது. இதன் மறுபக்கமும் உண்டு. வெள்ளைக்காரர்கள் பிலிப்பினோப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்குவதைப் படம்பிடித்துப் போட்டால் லட்சக்கணக்கில் பார்வைகள் குவியும். இதைத் தூண்டில் என்று அங்குள்ளவர்களே கேலி செய்கிறார்கள். செயின்ட் லூயிஸில் காட்டப்பட்டவர்கள், இப்போது பார்ப்பவனின் முகத்தைக் காட்டச் சொல்லிப் பார்க்கிறார்கள். பார்க்கிறவன் முகத்தில்தான் இன்னும் நம் மதிப்பு எழுதியிருக்கிறது என்றாகிறது.

2009ஐ மட்டும் தனியே எடுத்துப் பார்க்கலாம். அந்த மார்ச்சில் ஹாங்காங்கின் சிப் சாவ் என்ற பத்தி எழுத்தாளர், ஸ்ப்ராட்லி தீவுத் தகராறை ஒட்டிப் பிலிப்பைன்ஸை 'வேலைக்காரர்களின் தேசம்' என்று எழுதினார். அங்கதம் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. பிலிப்பைன்ஸுக்குள் வரத் தடை, பிறகு மன்னிப்பு. மே மாதம் இகோரோட் பூமியான பாகியோ நகரில் ஒரு மேடை. மணிலாவிலிருந்து வந்த நகைச்சுவை நடிகை ஒருவர், என்னை என்ன இகோரோட் என்று நினைத்தீர்களா, நானும் மனுஷிதான் என்கிற தொனியில் ஜோக்கடித்தார். பாகியோ நகரமன்றம் அவரை வேண்டாதவர் என்று அறிவித்தது. 1998இல் மணிலாவைப் பழித்துப் பேசிய அமெரிக்க நடிகை கிளேர் டேன்ஸ் மீது மணிலா நகரமன்றம் பிரயோகித்த அதே ஆயுதம். இம்முறை குறி மணிலா. நடிகை மன்னிப்புக் கேட்டார். ஹாங்காங் பத்திக்கு எதிராகக் கொதித்தவர்களில் எத்தனை பேர் இந்த ஜோக்குக்குச் சிரித்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இகோரோட் என்ற பெயரையோ அம்மக்களில் பலர் இன்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கிறார்கள். இன்டியோஸ் பிராவோஸின் வாரிசு யார் என்று தேடினால் நான் அங்கேதான் தேடுவேன்.

கடைசியாக ஒன்று. நம்மவர்களுக்கு அங்கே என்ன பெயர் என்று கேட்கலாம். இந்தியன் எவனாக இருந்தாலும் 'பும்பாய்'. பம்பாய்தான். வட்டிக்கு விடுகிறவன், சேட்டை செய்கிற பிள்ளையைச் சாக்கில் போட்டுக்கொண்டு போகிறவன். பெரிய வெங்காயத்துக்கும் அதே பெயர். பும்பாய் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1762இல், ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்தபோது கப்பல்கள் கிளம்பியது மதராஸிலிருந்து. அதில் போன சிப்பாய்களில் சிலர் 1764இல் படை திரும்பியபோது திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கி அங்கேயே பெண் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே பிலிப்பினோக்களாக இருக்கிறார்கள். அந்த ஊர் இருக்கும் மாகாணத்தின் பெயர் ரிசால்.