விற்றதால் மிஞ்சிய படச்சுருள்கள்

தொலைக்காட்சி நிகழ்ச்சியை வெளிநாட்டுக்கு விற்பது வெறும் காசு விசயம் எண்டுதான் நாங்கள் நினைப்போம். பிபிசியின் ‘டொக்டர் ஹூ’ தொடருக்கு அந்த விற்பனைதான் உயிர் கொடுத்தது.

1963இல் தொடங்கிய தொடர் அது. அப்போது ஒளிநாடா விலை கூட. பதிவை அழித்தால் திரும்பவும் பாவிக்கலாம். மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தமும் கட்டுப்பாடு வைத்திருந்தது. ஆகவே 1960களின் மூல நாடாக்களை பிபிசியே அழித்தது.

ஆனால் விற்பனைக்கென்று 16 மி.மீ. படச்சுருளில் பிரதிகள் எடுத்திருந்தார்கள். ஒளிபரப்பு முறை நாட்டுக்கு நாடு மாறும், படச்சுருள் எங்கேயும் ஓடும். உரிமைக்காலம் முடிந்தால் வாங்கியவர்கள் அதைத் திருப்பி அனுப்பவேணும், அல்லது அடுத்த நாட்டுக்குக் கொடுக்கவேணும், இல்லாட்டில் அழிக்கவேணும். எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஹொங்கொங்கிலிருந்து 4 அத்தியாயங்கள் திரும்பி வந்தன. நைஜீரியாவின் ஜோஸ் நகரில் இன்னும் 9 கிடைத்ததாக 2013இல் அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் ஏறத்தாழ நூறு அத்தியாயங்கள் இல்லாமலே கிடந்தன.

உரிமைப் பத்திரம் கையில் இருந்தால் படைப்பும் பத்திரமாக இருக்கும் எண்டு நாங்கள் நம்பக்கூடாது. பிரதிகள் நாலு இடத்தில் இருக்கவேணும்.