கொடிவழியும் கங்காணி வழியும்: நீலகிரித் தாயகம் திரும்பியோரின் குடும்ப வரலாற்றைத் தேடும் முறை

கோத்தகிரியிலோ பந்தலூரிலோ டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் வாழும் ஒருவர் தம் பூட்டனாரின் ஊரைத் தேடப் புறப்பட்டால் முதலில் கையில் எடுப்பது, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர்க்கான குடும்ப அட்டை. அடுத்தது, கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் வழங்கிய பாஸ்போர்ட். இவற்றின் பின்னால் நிற்பது 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று; எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். அட்டையில் உள்ள ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த வழி பாதியில் அறுந்துவிடும். தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணியின் வழியாகத் தேடுவதே உறுதியான முறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கடல் கடந்து தோட்டத்துக்குப் போனவரின் கழுத்தில் கயிற்றில் கோத்துக் கட்டிய தகர வில்லையை எண்ணிப் பாருங்கள். அதில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும்; எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்பது அதிலிருந்து தெரியும். அவர் பெயர் இராது. தோட்டத்தின் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு பெயர் எழுதியது, ஆனால் அன்றைய பெரட்டுக்கும் (காலை ஆள்கணக்குக்கும்) சம்பளத்துக்கும் வேண்டிய அளவுக்கு மட்டும். பெரும்பாலான தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயர் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நான்கு ராமசாமி இருந்தால் கொடிவழி அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஊர்ப்பெயரும் கைகொடுப்பதில்லை. ‘திருச்சி ஜில்லா’ என்று மட்டும் எழுதியிருந்தால், இன்றைய பெரம்பலூரும் அரியலூரும் அதற்குள் அடங்கும்.

இப்படிப் பரம்பரைப் பதிவே இல்லாமல் விடப்பட்ட மக்களிடம்தான் பிற்காலச் சட்டங்கள் பரம்பரையைக் கேட்டன. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டப்படி, அங்கே பிறந்த ஒருவர் தந்தையும் அங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். இந்திய அரசமைப்பின் 8ஆம் பிரிவு பெற்றோரில் ஒருவர், பாட்டன் பாட்டியரில் எவரேனும் ஒருவர் இந்தியாவில் பிறந்திருந்தால் போதும் என்றது. தாய்வழிப் பாட்டியின் ஊர்கூட இங்கே சான்றாகும். இலங்கைச் சட்டத்தில் அவள் கணக்கிலேயே இல்லை. ஆகவே, தந்தைவழி ஊர் மட்டுமே ‘சொந்த ஊர்’ என்று அட்டையைப் படிப்பது பிழை.

கங்காணி வழி வேறு வகையானது. பெரிய கங்காணியும் அவருக்குக் கீழிருந்த சில்லறைக் கங்காணிகளும் பெரும்பாலும் தம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் சொந்தக்காரர்களையே முன்பணம் கொடுத்துத் திரட்டினார்கள். கும்பல் தோட்டம் மாறும்போது கடனும் கூடவே மாறியது. அதற்கான சீட்டே ‘துண்டு’. 1921இல் அது ஒழிக்கப்பட்டது. மக்களை நசுக்கிய அந்தக் கடன் கணக்கே இன்று யார் யாரோடு சேர்ந்து வந்தார்கள் என்பதற்குத் தடயமாகிறது. ஒருவரின் ஊர் தெரியாவிட்டாலும் அதே கங்காணியோடு வந்த இன்னொரு குடும்பத்தின் ஊர் தெரிந்தால் தேடல் பரப்பு ஒரு ஜில்லாவிலிருந்து நாலைந்து கிராமங்களுக்குச் சுருங்கும்.

கும்பல்கள் கலந்துபோனது உண்டே என்று கேட்கலாம். உண்டு. அங்கேதான் குலதெய்வம் துணைக்கு வருகிறது. ஊர்ப்பெயரை மறந்த குடும்பமும் முதல் மொட்டை எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டது என்பதை எளிதில் மறப்பதில்லை. கங்காணியின் ஊர்ப்பக்கமும் குலதெய்வக் கோயிலும் ஒரே திசையைக் காட்டினால் அட்டையில் உள்ள ஊரை நம்பலாம். காட்டாவிட்டால் அட்டையையே ஐயுற வேண்டும்.

1968இல் வனத்துறை தொடங்கி 1975இல் தனிக் கழகமான டான்டீயில் முதன்முதலாகக் கொழுந்து பறித்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இரண்டு கேள்விகளை இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்: கங்காணி யார், குலதெய்வம் எது.