கர்ப்பகால பிபி: இனத்துக்கு இனம் அளவு மாறுமா?

மாறாது. நீங்க எந்த இனமாக இருந்தாலும், மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90-ஐ மறுபரிசோதனையிலும் தொட்டால், அது உயர் ரத்த அழுத்தம்தான்.

மாறுவது ஆபத்து. அமெரிக்காவில் வெள்ளையினப் பெண்களைவிட கறுப்பினப் பெண்களுக்கு ப்ரீஎக்ளாம்ப்சியா அதிகம். இதற்கு மரபணுவை மட்டும் காரணம் சொல்ல முடியாது. வறுமை, பாகுபாடு, சிகிச்சையில் தாமதம் எல்லாமே சேருது.

பெரும்பாலும் 20 வாரங்களுக்குப் பிறகு வரும் இந்தப் பிரச்சினை, அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். அதனால் 'நல்லாத்தானே இருக்கேன்'னு செக்கப்பைத் தள்ளிப்போடாதீங்க.

வீட்டில் பார்க்கிறீங்களா? 5 நிமிடம் அமைதியா உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வையுங்க. பட்டை கைக்குச் சரியான அளவில் இருக்கணும். 160/110 காட்டினாலோ, கடும் தலைவலி, பார்வை மங்கல் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்க.

இந்தியாவில் மாதந்தோறும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு.