ரிக்டர்ஸ்வெல்டின் பெருங்கற்றாழை: ஒரு வரலாற்று நோக்கு

தென்னாபிரிக்காவின் வடமேற்கெல்லையில், ஒறேஞ்சு ஆற்றுக்குத் தெற்கே, ரிக்டர்ஸ்வெல்ட் எனும் மலைப்பாங்கான பாலைநிலம் உள்ளது. அங்கும், ஆற்றுக்கப்பால் நமீபியாவின் தென்கோடியிலும் மட்டுமே இயற்கையாக வளரும் அரிய கற்றாழை மரமொன்று பத்து மீற்றர் அளவுக்கு உயர்கின்றது. வேலியோரக் கற்றாழையைக் கண்டு பழகியோர் இதனை அக்குலத்ததெனக் கொள்ளத் தயங்குவர்.

இதன் நெருங்கிய உறவு மரமே முதலில் ஐரோப்பியர் கண்ணிற்பட்டது. 1685இல் செம்பு தேடி நாமக்குவாலாந்து சென்ற ஒல்லாந்தத் தளபதி சைமன் வான் டெர் ஸ்டெல்லின் குழுவினர் அதனைப் பதிவு செய்தனர். (இவருடைய தந்தை அட்ரியான், 1646இல் இலங்கையில் கொல்லப்பட்டவர்.) சான் மக்கள் அதன் கிளைகளைக் குடைந்து அம்பறாத்தூணியாக்கினர், மரத்தின் ஒல்லாந்தப் பெயரும் அதுபற்றியே வந்தது. பெருங்கற்றாழையோ 1928 வரை தனியினமாக விவரிக்கப்படவில்லை. அவ்வாண்டில் லூயிஸ் கத்ரி, தாவரவியலாளர் நெவில் பிலன்ஸின் நினைவாக அதற்கு அலோ பிலன்சியை எனப் பெயரிட்டார். பருத்த அடிமரம், குறைந்த கிளைகள், இலைகளுக்குக் கீழே தொங்கும் மஞ்சட் பூங்கொத்து என்பன இதன் வேறுபாடுகளாம். 2013இல் இது அலோயிடென்ரன் எனும் பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

பெயர் பெற்றமை மரத்துக்கு நன்மையாக மட்டும் அமையவில்லை. அரியதென்று அறிந்தபின் சேகரிப்போர் நாடலாயினர். மேய்ச்சல், சுரங்கத் தொழில், வறட்சி ஆகியனவும் சேர்ந்தன. கோர்னெல்ஸ் கொப் எனும் குன்றின் பழைய புகைப்படங்களைப் பிற்காலப் படங்களுடன் ஒப்பிட்ட ஆய்வாளர், முதுமரங்கள் அருகி வருவதைக் கண்டனர். எனினும் தொலைவிலிருந்து எடுத்த படம் ஒரு சாண் கன்றைக் காட்டாது. இச்சான்றைக் கொண்டு இனமே அழிகின்றதென முடிவுகட்டுதல் பொருந்தாது. குன்றில் ஏறி எண்ணுதலே தக்கது.

வளர்ப்பு முறையும் இவ்வரலாற்றோடு தொடர்புடையதே. சாதாரண கற்றாழையைப் போல இது அடியிற் பக்கக்கன்று ஈனுவதில்லை. ஆகவே விதையே வழி. நீர் எளிதில் வடியும் கரட்டு மணலில் புதுவிதையை மேலாகத் தூவி, முளைக்கும் வரை ஈரங் காத்தல் வேண்டும். முளைத்தபின் மிகு நீர் அழுகலை விளைக்கும். குளிர்காலத்தில் மழைபெறும் நிலத்ததாகையால், அப்பருவத்தில் நீரூற்றிக் கோடையில் அதனைக் குறைப்பர். வளர்ச்சியோ மிக மெதுவானது. விதைத்தவர் தம் கன்றை முதுமரமாகக் காண்பதில்லை.

அருகும் உயிரினங்களின் வணிகம் பற்றிய 1973ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் இம்மரம் இடம்பெற்றுள்ளது. காட்டிலிருந்து பெயர்த்த மரத்தின் வணிகத்துக்கு அங்கு இடமில்லை; நாற்றுமேடையில் விதையிலிருந்து வளர்த்ததை உரிமப்பத்திரத்துடன் விற்கலாம். நாற்றுமேடைக் கன்று மலிந்தால் களவின் இலாபம் குறையும் என்பது உண்மையே. ஆயினும் தொட்டியில் வளரும் ஆயிரங் கன்றுகள் குன்றின் ஒரு முதுமரத்துக்கும் ஈடாகா. அந்நிலத்தைப் பேணுவோர் யார் என்பதே முதன்மையான வினா. 2003இல் தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் ரிக்டர்ஸ்வெல்ட் மக்களின் நிலவுரிமையை ஏற்றது. 2007இல், நாமா இடையர் தம் மந்தையுடன் பருவந்தோறும் பெயர்ந்து வாழும் அந்நிலப்பரப்பு, அவர்களின் வாழ்க்கைமுறையையும் கருதி உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆடு மேய்ப்போரைக் குற்றஞ்சாட்டிய பழைய குறிப்புகளை இவ்விரு நிகழ்வுகளின் பின் மீளப் படித்தல் வேண்டும்.